குரங்குக்குத் தெரியாத துப்பாக்கி

லிந்துலைப் பக்கம் ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் பூரணியைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் ஒரு மலையில் நின்று பேசினால் அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவள் பதில் சொல்லுவாள். அவ்வளவு பெரிய குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒருநாள் துப்பாக்கிக்காக வாதாடப் போகிறோம் என்று அவளே நினைத்ததில்லை.

அது எழுபத்து நாலாம் வருஷம். கூப்பன் மாவு குறைந்துபோய், பேக்கரிப் பாணுக்கு வரிசையில் நின்றாலும் கிடைக்குமா என்று தெரியாத காலம். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குப் பின்னால் சும்மா கிடந்த சரிவை வீட்டுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, எதையாவது போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் தோட்டத்துத் துரை. பூரணியும் புருசன் அழகனும் தங்கள் துண்டைக் கொத்தி உருளைக்கிழங்கும் லீக்ஸும் போஞ்சியும் போட்டார்கள். மண் ஏமாற்றவில்லை. செடி தளதளவென்று வந்தது. ஆனால் சாப்பிட வந்தவர்கள்தான் வேறு.

சரிவுக்கு மேலே காடு. காலையில் பெரட்டுக்கு ஆள் கூடி, பெயர் கொடுத்து, எல்லோரும் மலைக்குப் போனதும் குரங்குகள் இறங்கிவிடும். பெரட்டு நேரம், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்குத் தெரிந்ததைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். கிழங்குச் செடியைப் பிடுங்கும், வேரைத் திருப்பிப் பார்க்கும், கிழங்கு சிறிசாக இருந்தால் முகத்தைச் சுளித்து எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போகும். சாயங்காலம் கூடையோடு திரும்புகிற பெண்கள் பாத்தியைப் பார்த்துத் திட்டுகிற திட்டு கேட்கச் சகிக்காது. பூரணி திட்டினால் காட்டுக்குள்ளேயும் கேட்கும். குரங்குகள் அதற்கும் பழகிவிட்டன.

தோட்டத்தில் துப்பாக்கி இல்லாமல் இல்லை. ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திரியும் காவற்காரர் பத்திநாதனும் இருந்தார். மெலிந்த ஆள், நெஞ்சு நிமிர்ந்த நடை, முறுக்கிய மீசை. காக்கிக் கோட்டுப் போட்டுத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் லயத்து வாசலால் போனால், துரையே நடந்து போகிற மாதிரி இருக்கும் என்று அவர் மனைவி தெரேசா சொல்லுவாள். கேலியாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா என்று அவர் விசாரித்ததில்லை. குரங்கைச் சுடுவது பாவம், அனுமார் கோபிப்பார் என்று மற்ற ஆண்கள் கை கட்டி நின்றதால், கோயிலுக்குப் போகாமல் சேர்ச்சுக்குப் போகிற பத்திநாதனுக்கே அந்த வேலை வந்து சேர்ந்தது. அவரும் இதுவரை ஒரு குரங்கையும் சுட்டதில்லை. வானத்தைத்தான் சுட்டிருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாட்டில் கலகம் நடந்தபோது அந்தப் பக்கத்துத் துப்பாக்கிகளை எல்லாம் பொலிஸ் வாங்கி வைத்துக்கொண்டது. தோட்டத்துத் துப்பாக்கியும் போய், வெகுநாள் கழித்துத் திரும்பி வந்தது. வரும்போது ஒரு கட்டளையும் சேர்ந்து வந்தது. துப்பாக்கியை எப்போதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரித் தோளில் வைத்துத்தான் கொண்டு போக வேண்டும். கோட்டுக்குள்ளேயோ சாக்குக்குள்ளேயோ மறைத்துக் கொண்டு போனால் கலகக்காரன் கணக்கில் பிடித்துக்கொண்டு போவார்கள். பத்திநாதனுக்கு இந்தக் கட்டளை சர்க்கரையாக இனித்தது. மறைத்து வைக்கவா அவர் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து மினுக்கினார்?

ஒருநாள் பூரணிக்குக் காய்ச்சல். மலைக்குப் போகாமல் லயத்துக் காம்பராவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்பக்க ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்தி நிறையக் குரங்கு. எழுந்து விரட்டவும் தெம்பு இல்லை. அப்போது பத்திநாதன் வளைவில் வந்தார். தோளில் துப்பாக்கி தெரிந்ததும் குரங்குகள் அவசரமே இல்லாமல் டர்பண்டைன் மரங்களில் ஏறி உட்கார்ந்தன. அவர் பாத்தியைச் சுற்றினார், மீசையைத் தடவினார், போய்விட்டார். குரங்குகள் இறங்கின. கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி வந்தார். துப்பாக்கியை ஆபிசில் எண்ணெய் போட வைத்துவிட்டு, கையில் குடையோடு வீட்டுக்குப் போகிற வழி. குரங்குகள் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று அவர் காலடியிலேயே உட்கார்ந்து போஞ்சி உரித்தது.

பூரணிக்குக் காய்ச்சல் இறங்கினது போல இருந்தது. குரங்குகள் பயப்படுவது ஆளுக்கு இல்லை, தோளில் தெரிகிற அந்தத் தடிக்குத்தான். அது கண்ணில் படாவிட்டால் கிட்டப் போகலாம். கிட்டப் போய் ஒரு வெடி வைத்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

மறுநாளே பத்திநாதனிடம் போய்ச் சொன்னாள். துப்பாக்கியை மறைத்துக் கொண்டு வாருங்கள் என்றாள். அவர் முகம் வாடிப்போனது.

"அப்ப இத்தன வருசமா குரங்குக என்னயப் பாத்துப் பயப்படலன்னு சொல்றியா தங்கச்சி?"

"ஒங்களப் பாத்து நாங்க பயப்படுறோம்ல அண்ணே, அது போதாதா?"

அது அவருக்குப் போதவில்லை. பொலிஸ் கட்டளையைச் சொல்லி, ஜெயிலுக்குப் போக அவருக்கு நேரம் இல்லை என்று நடந்துவிட்டார்.

பூரணி விடுகிற ஆள் இல்லை. அன்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னாள். குழந்தைக்கு வேக வைக்கக் கிழங்கு இல்லாதவர்கள் எல்லோரும் வாருங்கள் என்றாள். எல்லோருமே வந்தார்கள். முதலில் சங்கத் தலைவர் செல்லசாமியிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர். சங்கம் சம்பளத்துக்குப் போராடியிருக்கிறது, லயத்துக் கூரைக்குப் போராடியிருக்கிறது, துப்பாக்கியை ஒளித்து வைக்கிற உரிமைக்கு எந்த ஊரில் போராடினார்கள் என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கூட இருந்த ஆண்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர்களுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு ரொம்ப மெலிவாக இருந்தது என்றும், பெண்கள் கிழங்கு வெந்த சட்டியைக் குரங்கிடம் போய்க் கேட்கச் சொன்னார்கள் என்றும் பேச்சு. மறுநாள் செல்லசாமி, சரி, துரையிடம் கூட வருகிறேன் என்றார்.

விஜேகோன் துரை கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆபிஸ் வாசலில் இத்தனை பெண்களைக் கண்டதும் சம்பளப் பிரச்சினை என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். விஷயம் துப்பாக்கி என்றதும் சம்பளப் பிரச்சினையாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்திருப்பார். தொழிலாளர்கள் துப்பாக்கியை மறைத்து வைக்க அனுமதி கேட்கிறார்கள் என்று வெளியில் ஒரு காதில் விழுந்தாலும் அவர் வேலை போய்விடும். இந்தப் பேச்சை இத்தோடு மறந்துவிடச் சொல்லி அவர்களை அனுப்பி வைத்தார்.

மறந்துவிட அது என்ன ரகசியமா? பூரணியின் குரலில் சொன்ன விஷயம். தலவாக்கலைக் கடைவீதிக்குப் போய்ச் சேரும்போது, ஊசிக்கல் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி கேட்கிறார்கள் என்று ஆகியிருந்தது. நானுஓயா ஸ்டேசனுக்குப் போகும்போது துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனதோ தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பொலிஸ் ஜீப் ஒன்று ஏற்றத்தில் இரைந்துகொண்டு வந்து லயத்து முன்னால் நின்றது.

இறங்கியவர் பெரிய இன்ஸ்பெக்டர். கூட ரைபிளோடு கான்ஸ்டபிள்கள். துரை ஓடி வந்தார். மலையிலிருந்து பெண்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துப்பாக்கியை மறைக்க வேண்டும் என்று சொன்னது யார் என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். அழகன் பூரணியின் முந்தானையைப் பின்னாலிருந்து மெல்லப் பிடித்துக்கொண்டான். அவள் அதை உருவிக்கொண்டு முன்னால் வந்தாள். பாத்தியை இழந்தவளுக்கு இழக்க வேறு என்ன இருக்கிறது என்று ஒரு துணிச்சல் வந்தது.

அவளுடைய சிங்களம் கடைவீதியில் கற்றது. உப்பு, கருவாடு, விலை குறை, நாளைக்குத் தருகிறேன், இவ்வளவுதான் அதில் இருந்தது. மறைப்பதற்கு என்ன சொல்லுவது என்று தெரியாமல், துப்பாக்கி உள்ளே படுத்துத் தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இன்ஸ்பெக்டரின் கண் சுருங்கியது. எங்கே தூங்குகிறது என்று கேட்டார். இன்னும் தூங்கவில்லை, நீங்கள் சொன்னால் தூங்கும் என்றாள். எத்தனை துப்பாக்கி என்றார். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒன்று போதும் என்றாள். யாருக்கு எதிராக என்று கேட்டார். குரங்குக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று அவளுக்கு அந்த நேரம் வரவில்லை. கையால் தலையைச் சொறிந்து, கன்னத்தை உப்பி, காட்டைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் துரையைப் பார்த்தார். துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு குரங்கு விவகாரம் முழுவதையும் ஒழுங்கான சிங்களத்தில் எடுத்துச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கலகம் அடக்கின அனுபவத்தில் இதைவிட நல்ல பொய்களை அவர் கேட்டிருந்தார். வாங்க, வந்து கண்ணால் பாருங்கள் என்று பூரணி பின்பக்கச் சரிவுக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் துப்பாக்கியோடு பத்திநாதன் நடக்க வேண்டும், பிறகு குடையோடு நடக்க வேண்டும், குரங்குகள் செய்வதைப் பார்த்து இன்ஸ்பெக்டரே தீர்மானிக்கட்டும் என்பது அவள் ஏற்பாடு. போய்ப் பார்த்தால் பாத்தியில் ஒரு குரங்கும் இல்லை. மரத்திலும் இல்லை. இத்தனை ரைபிள் ஒன்றாக வந்தால் எந்தக் குரங்கு உட்கார்ந்திருக்கும்? பத்திநாதன் வெறும் பாத்தியில் துப்பாக்கியோடு ஒரு தரமும் குடையோடு ஒரு தரமும் நடந்து காட்டினார். கான்ஸ்டபிள்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூரணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தினமும் வருகிற சனியன்கள் இன்றைக்கு ஒருநாள் வந்தால் என்ன என்று நினைத்தாள்.

அப்போது லயத்துப் பக்கம் யாரோ கத்தினார்கள். ஜீப் டிரைவர். தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், துப்பாக்கி இல்லாத ஜீப்புக்குள் குரங்குகள் இறங்கியிருந்தன. எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தபோது, இன்ஸ்பெக்டரின் வாழை இலைச் சோற்றுப் பொதி பொனட்டில் விரிந்து கிடந்தது. நாட்டில் சோறு கண்ணில் படாத அந்த வருஷத்தில் வெள்ளைச் சோறும் பொரித்த மீனும். பெரிய கடுவன் ஒன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சம்பலை நக்கியது. டிரைவர் எவ்வளவு கத்தியும் அசையவில்லை. முதல் கான்ஸ்டபிளின் ரைபிள் லயத்து மூலையில் தெரிந்ததுதான் தாமதம், ஜீப்பில் ஒன்றும் இல்லை. எல்லாம் கூரைமேல். மீனையும் மறக்காமல் கொண்டுபோயின.

இன்ஸ்பெக்டர் வாழை இலையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பசி மனிதனுக்குச் சில விஷயங்களைச் சட்டென்று விளங்க வைத்துவிடும். துப்பாக்கியை மறைத்துக் கொண்டு போகலாம் என்றார். ஆனால் அவர் பொலிஸ்காரர், நிபந்தனை இல்லாமல் அவரால் எதையும் கொடுக்க முடியாது. துரை அதைத் தமிழில் சொன்னார்.

"ஐயா சொல்றாரு, மனுசனுக்குத் தெரியணும். கொரங்குக்குத் தெரியக்கூடாது."

அதாவது, துப்பாக்கி எதற்குள் மறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு நாள் காலையும் பெரட்டில் சத்தமாக எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் சிரித்தார்கள், துரையும் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பூரணி அவருக்குத் தன் வீட்டில் இருந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சட்டம் மாறிவிட்டது. இனி மறைப்பது எப்படி? கோட்டுக்குள் வைத்தால் குழல் காலரால் எட்டிப் பார்த்தது. குடைத் துணியைச் சுற்றினால் அளவு போதவில்லை. கடைசியில் வழி சொன்னவள் தெரேசா. கொழுந்துக் கூடையில் நிறுத்தி, மேலே கம்பளியைப் போட்டு மூடினால் மழைக்குக் கம்பளி போர்த்திய பெண் மாதிரிதானே இருக்கும் என்றாள். பத்திநாதன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. காக்கிக் கோட்டுப் போட்டு நிமிர்ந்து நடந்தவர், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கூன் போட்டு நடப்பதா? இந்த மீசையை என்ன செய்வது? மீசையையும் கம்பளியால் மூடலாம் என்றாள் தெரேசா. கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது பூரணி. குரங்குகளுக்கு உங்களைத் தெரியாமல் போனது இத்தனை நாள் அவமானம், இன்றைக்குப் போய்த் தெரியப்படுத்துங்கள் என்று அவள் சொன்ன சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்தக் காலையில் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும், இன்றைக்குத் துப்பாக்கி பத்திநாதன் கூடையில் இருக்கிறது என்று செல்லசாமி அறிவித்தார். ஒருவர் முகத்தையும் ஒருவர் பார்க்காமல் எல்லோரும் கலைந்தார்கள். பாத்திக்கு நேர் எதிரே இருந்த மலையில் அன்றைக்குக் கொழுந்து எடுத்தார்கள் என்று பெயர்தான். கை தேயிலையில், கண் சரிவில்.

குரங்குகள் வந்தன. பரவின. கம்பளி போர்த்திய உருவம் ஒன்று கூடையோடு குனிந்து மெதுவாக வந்தது. பெரிய கடுவன் தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மறுபடி கிழங்கைக் கடித்தது. பத்திநாதன் இன்னும் கிட்டப் போனார். பிடித்துக் கட்டிக்கொள்கிற தூரம். அங்கே கூடையை முதுகிலிருந்து இறக்கி வைத்தார். கம்பளியை நீக்கினார்.

கம்பளி நீங்கவில்லை. கிழிந்த ஓரத்து நூல் எங்கேயோ மாட்டிக்கொண்டது. அவர் இழுத்தார். விசையில் மாட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இன்னும் ஓங்கி இழுத்தார்.

மலை முழுவதும் அதிர்ந்தது. கூடை ஒரு முழ உயரம் எழும்பி விழுந்தது. தேயிலைத் தூளாக மூங்கில் பறந்தது. புகை விலகினபோது பத்திநாதன் லீக்ஸ் பாத்தியில் உட்கார்ந்திருந்தார். மீசை இருந்தது, கோட்டில் மண், கையில் கம்பளியின் பாதி. குண்டு வானத்துக்குத்தான் போயிருந்தது, வழக்கம் போல. பெண்கள் கூடையோடு சரிவில் இறங்கி ஓடி வந்தார்கள். தெரேசா எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து, அவர் உடம்பைத் தடவிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். குரங்குக்கு வைத்த வெடியில் ஒரு நல்ல மனிதனைக் கொன்றிருப்போமே என்று பூரணி அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பத்திநாதன்தான் அவளைத் தேற்றினார்.

"பயப்படாத தங்கச்சி. கொரங்க பாரு."

மரத்தில் ஒன்றுகூட இல்லை. காட்டுக்குள் கிளைகள் முறிகிற சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் அவை வந்தன, வராமல் இருக்குமா? ஆனால் நாகலெட்சுமி என்கிற பெண் வெறும் கூடையோடு குறுக்கே போனபோது அலறிக்கொண்டு ஓடின. இன்னொருத்தி கூடையோடு வந்தாள். அதற்கும் ஓடின. துப்பாக்கி முழங்கியதாக அவற்றுக்குத் தெரியாது. முழங்கியது கூடை. எந்தக் கூடை முழங்கும், எது முழங்காது என்று எந்தக் குரங்குக்குச் சொல்ல முடியும்? ஒரே ஒரு துப்பாக்கி தோட்டத்துக் கூடைகளுக்கு எல்லாம் பல் முளைக்க வைத்துவிட்டது. பெண்கள் ஓட்டைக் கூடைகளைத் தேடி எடுத்துப் பாத்திக்கு ஒன்றாகக் கம்பில் மாட்டினார்கள். அந்தப் போகம் உருளைக்கிழங்கு முழுசாக வீட்டுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் முழுவதும் கிழங்கு வேகிற வாசம். அழகன் சூடு தாங்காமல் கிழங்கைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே, உன் குரல் நல்ல குரல்தான் என்று பூரணியிடம் ஒப்புக்கொண்டான்.

கூடை வெடித்தது விபத்து என்று சொன்னால் பத்திநாதனுக்குக் கோபம் வரும். எல்லாம் கணக்குப் போட்டுச் செய்தது என்பார். அதற்குப் பிறகு அவர் கூடை மாட்டவில்லை. தேவையும் இல்லை. பெரட்டில் மட்டும் செல்லசாமி ஒழுங்காக, துப்பாக்கி இன்றைக்கு மறைவில் இல்லை என்று அறிவித்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டரின் சட்டத்தை யாரும் நீக்கவில்லையே.

பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து ஒருநாள் நாலைந்து பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். ஊசிக்கல் பெண்களுக்குத் துப்பாக்கிச் சட்டம் வாங்கிக் கொடுத்த அம்மா யார் என்று வீடு வீடாகக் கேட்டு வந்து சேர்ந்தார்கள். பூரணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து நடந்ததை நடந்தபடியே சொன்னாள். துரையிடம் எப்படிப் போவது, தனியாகப் போகாமல் எப்படிக் கூட்டமாகப் போவது, இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன பேசக்கூடாது என்பதை எல்லாம் சொன்னாள். அவர்கள் தோட்டத்தில் குரங்கு இல்லை, காட்டுப் பன்றிதான். பன்றிக்குக் கூடை தெரியுமா என்று அவர்கள் கேட்டார்கள். போய்ப் பாருங்கள், நானும் ஒருநாள் வருகிறேன் என்றாள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குச் செல்லசாமி ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். ஆண்கள் நகர்ந்து மர வாங்கில் இடம் விட்டார்கள். இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. பூரணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராக் கூரை ஒழுகுவதிலிருந்து ஆரம்பித்தாள்.